வானின்று நிலத்தடி காணல்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில், ஒடுங்கிய மணற்றிடராக அமைந்தது எழுவான்கரை. மேற்கே வயல்களும் குளங்களும் பாறைக் குன்றுகளுமாகப் பரந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு தம் நிலத்திற்குப் பெயரிட்ட இம்மக்கள் அதன் மேற்பரப்பை நன்கு அறிந்திருந்தனர். ஆனால் நிலத்தின் கீழுள்ளதை அறிய அவர்களுக்கிருந்த வழி ஒன்றே. அது தோண்டிப் பார்த்தல்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு மாறான வழியொன்று உலகில் தோன்றியது. நிலத்தைத் தொடாது, வானூர்தியிற் பறந்து கொண்டே, மின்காந்தத் தூண்டலின் துணையால் நிலத்தடி அமைப்பை அளந்தறியும் முறையே அதுவாகும். இம்முறை தோன்றி வளர்ந்த வரலாற்றையும், வாவிப் பிரதேசத்தைப் பொறுத்து அது எவற்றைக் கூறவல்லது, எவற்றைக் கூறமாட்டாது என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். வானூர்தி கொண்டுவருவது நிலத்தடியின் படமன்று. நிலத்தடி தந்த மறுமொழியின் பதிவு மட்டுமே. அப்பதிவைப் படமாக்குவது மனிதரின் விளக்கம். அவ்விளக்கத்தின் உண்மை, இறுதியில், தோண்டிய கிணற்றின் சான்றிலேயே தங்கியுள்ளது.

தோண்டி அறிந்தவை

எழுவான்கரையின் மணலிற் சிறிது தோண்டினால் நன்னீர் ஊறும். இவ்வாறு தோண்டப்படும் சிறு குழியைப் பூவல் என்பர். ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர் வாவியும் சூழ்ந்திருக்க, இடைப்பட்ட மணலில் மட்டும் நன்னீர் நிற்பது எவ்வாறு என்ற வினாவிற்கு ஐரோப்பிய விஞ்ஞானிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விடை கண்டனர். நெதர்லாந்தின் படோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க் 1901ஆம் ஆண்டிலும் தனித்தனியே கண்ட உண்மை இது: மழைநீர் மணலினூடு இறங்கி, அடர்த்தி கூடிய உவர்நீரின்மீது மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்பின், கோட்பாட்டளவில் அதன் அடி ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை செல்லும். இரு முனைகளிலும் மெலிந்து நடுவிற் பருத்திருக்கும் இந்நீர்த்திரளை நன்னீர் வில்லை என்று அழைப்பர்.

இவ்விதியின் மறுபக்கமே வாழ்வோடு தொடர்புடையது. மேலேயுள்ள நீர்மட்டம் ஒரு முழம் தாழுமாயின் கீழேயுள்ள உவர்நீர் பன்மடங்கு மேலேற இடமுண்டு. எழுவான்கரையின் வில்லையோ மெலிந்தது. ஆண்டில் 1,600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை இங்கு பெய்தபோதிலும், அதன் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துச் சில மாதங்களுக்குள் அடங்கிவிடும். எஞ்சிய மாதங்களில் குடிநீர், தோட்டப் பயிர், களுதாவளையின் பெயர்பெற்ற வெற்றிலைக் கொடி ஆகிய அனைத்தும் அம்மெல்லிய நீர்த்திரளையே நம்பி நிற்கின்றன. கையால் நீர் அள்ளிய காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. இறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது. ஆதலின் கீழே எவ்வளவு உள்ளது என்ற வினா முன்னெப்போதும் இல்லாத முக்கியத்துவம் பெற்றது.

மேலிருந்து நோக்கிய முதல் முயற்சிகள்

இலங்கையின் நிலத்தடி பற்றிய முறையான ஆய்வு கனிப்பொருளை முன்னிட்டே தொடங்கிற்று. 1903இல் நிறுவப்பட்ட கனிப்பொருளாய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக 1906வரை கடமையாற்றியவர், பின்னர் கலை வரலாற்றறிஞராக உலகப் புகழ் எய்திய ஆனந்த குமாரசுவாமி ஆவார். நடந்து சென்று பாறையை உடைத்துப் பார்ப்பதே அன்றைய ஆய்வுமுறை. மணலும் வண்டலும் பாறையை மூடியுள்ள கிழக்குக் கரையில் அம்முறை அதிகம் கூறவியலாதது.

1956ஆம் ஆண்டில், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய உதவியுடன், நாடு முழுவதும் 1:40,000 என்னும் அளவுத்திட்டத்தில் வான்படங்கள் எடுக்கப்பட்டன. ரொறன்ரோவைச் சேர்ந்த ஹண்டிங் நிறுவனமும் இலங்கை நில அளவைத் திணைக்களமும் இணைந்து, 1960களின் தொடக்கத்தில் மகாவலி கங்கை வடிநிலம் உள்ளிட்ட பகுதிகளின் வளங்களைப் பற்றிய அறிக்கைகளை வெளியிட்டன. மண், காடு, நிலப்பயன்பாடு ஆகியவை பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு இவ்வான்படங்கள் அடிப்படையாயின. எனினும் ஒளிப்படக்கருவி காண்பது ஒளி பட்ட மேற்பரப்பை மட்டுமே. மணலின் நிறத்தை அது காட்டும்; மணலின் ஆழத்தைக் காட்டாது.

பாறை அமைப்புப் பற்றிய அறிவு வேறு வழிகளில் வளர்ந்தது. பி. ஜி. குரே 1967இல் வெளியிட்ட இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூல், மத்திய மலைநாட்டின் உயர்நிலத் தொடரையும் கிழக்குத் தாழ்நிலத்தின் விஜயன் தொடரையும் வேறுபடுத்தி விளக்கியது. மட்டக்களப்பு விஜயன் தொடர்ப் பாறைகளின்மீது அமைந்த பிரதேசமாகும். 1975இல் ஹதர்ட்டன், பட்டியாராச்சி, ரணசிங்க ஆகியோர் தயாரித்த புவியீர்ப்புப் படம், மேற்பரப்பிற் காணவியலாத அடர்த்தி வேறுபாடுகளை நாடு தழுவிய அளவிற் காட்டிற்று. மேற்பரப்பைக் கடந்து உட்சென்ற முயற்சி இது. ஆயினும் ஒரு கிராமத்தின் நன்னீரைத் தேடுவோருக்கு வேண்டிய நுணுக்கம் இத்தகைய சிற்றளவுப் படத்தில் இருத்தல் இயலாது.

கனடாவில் தோன்றிய கருவி

மின்காந்த அளவீட்டின் வேர் 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த தூண்டல் விதியில் உள்ளது. மாறும் காந்தப்புலம் அண்மையிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதே அவ்விதி. நிலமும் ஒரு கடத்தியே. இடத்துக்கிடம் அதன் கடத்துதிறன் வேறுபடும் என்பதுதான் இம்முறைக்கு வாய்ப்பளித்தது.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட வானூர்தியிற் காந்தமானிகள் பொருத்தப்பட்டன. போர் முடிந்ததும் அவ்வனுபவம் கனிப்பொருள் தேடலுக்குத் திரும்பியது. காடும் சதுப்பும் பனியும் மூடிய கனடாவின் பரந்த நிலத்தில் தரைவழி ஆய்வு கடினமாதலின், அங்கேயே 1948இல் வானூர்தி மின்காந்தக் கருவி முதன்முதலிற் பறந்தது. செம்பு, நாகம், ஈயம் ஆகியவற்றைக் கொண்ட சல்பைட்டுத் தாதுப் படிவுகள் பல மின்னை நன்கு கடத்துவன. அவற்றைத் தேடுவதே தொடக்க நோக்கமாயிருந்தது.

இவ்வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது ஒன்ராறியோ மாகாணத்தின் ரிம்மின்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள கிட் கிறீக் கண்டுபிடிப்பாகும். டெக்சஸ் கல்ஃப் நிறுவனத்தின் வானூர்தி 1959இல் அவ்விடத்தில் ஓர் அசாதாரண மறுமொழியைப் பதிவுசெய்தது. ஆனால் 1963 நவம்பரில் துளையிடப்பட்ட பின்னரே அங்கே பெருந்தாதுப் படிவு கிடப்பது உறுதியாயிற்று. பதிவுக்கும் உண்மைக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன. இதே கேடயப் பாறைகளில் இத்தகைய வேறு பல மறுமொழிகளைத் துளையிட்டவர்கள் கண்டது பயனற்ற காரீயப் படையையே. காரீயமும் மின்னை நன்கு கடத்தும். கருவி பொய் கூறவில்லை. கடத்தி உண்டு என்று மட்டுமே அது கூறிற்று. எக்கடத்தி என்பதைக் கூறுதல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

தரவும் விளக்கமும்

இன்று பெரிதும் பயன்படும் முறையில், உலங்கு வானூர்தியின் கீழே பெரிய சட்டமொன்று தொங்கவிடப்படும். அது நிலத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 40 மீற்றர் உயரத்திற் செல்லும். சட்டத்தைச் சுற்றிய சுருளில் மின்னோட்டம் செலுத்தப்பட்டுத் திடீரென நிறுத்தப்படும். அக்கணத்தில் நிலத்தினுள் சுழிப்போட்டங்கள் தோன்றி, கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் பரந்து தேயும். அவற்றின் காந்தப்புலம் தேயும் வேகத்தை மற்றொரு சுருள் செக்கனின் மிகச்சிறு பின்னங்களில் அளக்கும். நன்கு கடத்தும் நிலத்தில் தேய்வு மெதுவானது; கடத்தாத பாறையில் விரைவானது. முற்பட்ட கணங்கள் மேற்படையையும் பிற்பட்ட கணங்கள் ஆழ்படையையும் பற்றிக் கூறும்.

ஆகவே ஆய்வாளர் கையிற் கிடைப்பது தேய்வளைகோடுகளே. இவற்றிலிருந்து படைகளின் தடிப்பையும் தடைத்திறனையும் பெறுவதற்கு அவர் பின்னோக்கிச் செல்லவேண்டும். இத்தனை படைகள், இத்தனை தடிப்பு, இத்தனை தடைத்திறன் என ஒரு நிலத்தைக் கருதிக்கொண்டு, அந்நிலம் தரவேண்டிய வளைகோட்டைக் கணித்து, அளந்த வளைகோட்டோடு ஒப்பிட்டு, பொருந்தும்வரை கருதுகோளைத் திருத்திச் செல்வதே முறை. இங்கேதான் இடர் எழுகின்றது. ஒரே வளைகோட்டிற்குப் பொருந்தும் நிலங்கள் ஒன்றல்ல, பலவாகும். மெலிந்த ஆனால் மிகக் கடத்தும் படையும், தடித்த ஆனால் குறைவாகக் கடத்தும் படையும் ஏறத்தாழ ஒரே மறுமொழியைத் தரக்கூடும்.

கல்வெட்டாய்வாளர் சிதைந்த வரியொன்றைப் படிக்குங்கால் இதுவே நிகழ்கின்றது. எஞ்சிய கோடுகளுக்கு இரண்டு மூன்று வாசிப்புகள் பொருந்தும். எது சரியென்பதைக் கோடுகள் தாமே தீர்மானிப்பதில்லை. அக்காலத்து மொழி வழக்கும் அயலிலுள்ள பிற சாசனங்களுமே தீர்மானிக்கின்றன. மின்காந்தத் தரவிற்கு அயற் சாசனமாக நிற்பது துளையிட்ட கிணற்றின் மண்படைக் குறிப்பும், அக்கிணற்று நீரின் உவர்ப்பளவுமாகும்.

தடைத்திறன் எண்களை நோக்கின் இத்தேவை மேலும் விளங்கும். கடல்நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 ஓம் மீற்றர். நன்னீர் நிறைந்த மணலில் அது பல பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை அமையும். உடையாத பளிங்குருப் பாறையில் ஆயிரத்தைக் கடக்கும். களிமண்ணோ இவற்றிடையே தாழ்ந்த எண்களைக் காட்டும். எனவே தாழ்ந்த தடைத்திறன் காணப்படுமிடத்து அது உவர்நீர் கலந்த மணலாகவும் இருக்கலாம், நன்னீர் நிறைந்த களியாகவும் இருக்கலாம். மேலும், பல வரைபடங்களில் தாழ்ந்த தடைத்திறனுக்கு நீலமும் உயர்ந்ததற்குச் சிவப்பும் தீட்டுவது வழக்கமாகியுள்ளது. நீலத்தை நன்னீரென்று கருதும் சாதாரண வாசகன், கரையோர வரைபடமொன்றில் உவர்நீரையே நன்னீராகக் கொள்ளும் அபாயம் உண்டு.

வெள்ளாற்றுச் சமவெளியின் அனுபவம்

கனிப்பொருளைத் தேடப் பிறந்த இம்முறையை நிலத்தடி நீருக்குத் திருப்பியதிற் டென்மார்க்குக்குச் சிறப்பிடம் உண்டு. குடிநீருக்கு ஏறத்தாழ முற்றாக நிலத்தடி நீரையே நம்பிய அந்நாட்டின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2000ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட ஆண்டுகளில், நீர்தாங்கு படைகளை வேறுபடுத்தத்தக்க நுண்மை கொண்ட ஸ்கைரெம் என்னும் உலங்கு வானூர்திக் கருவியை உருவாக்கினர்.

அக்கருவி தமிழ் நிலத்தின்மீதும் பறந்தது. 2013ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், இந்திய மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிறுவனமும் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஆறு முன்னோடிப் பகுதிகளை ஆராய்ந்தன. இராசத்தானின் பாலை, பீகாரின் வண்டல், மகாராட்டிரத்தின் எரிமலைப் பாறை, கருநாடகத்தின் பளிங்குருப் பாறை என வேறுபட்ட நிலங்கள் இதற்கெனத் தெரியப்பட்டன. கரையோரப் படிவு நிலத்திற்கு உதாரணமாகத் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்துக் கீழ் வெள்ளாற்று வடிநிலம் தெரியப்பட்டது.

இம்முயற்சியில் வாவிப் பிரதேசத்திற்கு உதவும் பாடம் யாதெனில், வானூர்தித் தரவு அங்கு தனியாக நிற்கவில்லை என்பதாகும். தரையில் எடுத்த மின்தடை அளவீடுகளும், துளைக்கிணறுகளின் மண்படைக் குறிப்புகளும் அதனோடு இணைத்து நோக்கப்பட்டன. கிணறுகளால் ஆங்காங்கே புள்ளிகளாக அறியப்பட்டிருந்ததை வானூர்தி தொடர்ச்சியான கோடுகளாக இணைத்தது. புள்ளிகள் இல்லாதிருந்தால் அக்கோடுகளுக்குப் பொருள் இருந்திராது.

வாவிப் பிரதேசமும் 2004இன் படிப்பினையும்

நிலத்தடியை அறியாது செயற்படுவதன் விலையை மட்டக்களப்பு அனுபவித்தே அறிந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரையோரக் கிராமங்களில் எண்ணற்ற உயிர்களைக் கொண்டு சென்றது. எஞ்சியோரின் கிணறுகள் கடல்நீரால் நிரம்பின. கடல்நீர் கிணற்றினூடும் மணலினூடும் இறங்கி நன்னீர் வில்லையைக் கலக்கிற்று.

உதவ வந்தோர் நல்லெண்ணத்துடன் கிணறுகளை இயந்திரத்தால் மீண்டும் மீண்டும் இறைத்தனர். கலங்கிய நீரை அகற்றினால் நன்னீர் ஊறும் என்பது அவர்களது எண்ணம். ஆனால் மெலிந்த வில்லையிலிருந்து அளவுமீறி இறைக்கும்போது கீழேயுள்ள உவர்நீர் மேலேறுகின்றது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கரையோரக் கிணறுகளைப் பின்னர் தொடர்ந்து அளந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினரும் உடன் பணியாற்றியோரும், பலமுறை இறைத்தல் உவர்ப்பைக் குறைக்கவில்லை என்பதையும், பருவமழையே கிணறுகளைப் படிப்படியாக மீட்டது என்பதையும் எடுத்துக்காட்டினர். வில்லையின் தடிப்பை முன்னரே அறிந்திருப்பின் எக்கிணற்றை இறைக்கலாம், எதனை மழைக்கு விட்டுவிடலாம் என்று அன்றே கூறியிருக்க இயலும். நிலத்தடி வரைபடம் ஒரு பேரிடர்க்காலத் தேவை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

வாவியின்மீது வானூர்தி மின்காந்த அளவீடு நிகழுமாயின், அதன் பயனும் எல்லையும் எவ்வாறு அமையும்? முதலாவதாக ஆழத்தின் எல்லையை நோக்கலாம். அலை ஊடுருவும் ஆழத்தைக் கணிக்கும் எளிய சூத்திரப்படி, செக்கனுக்கு 1,000 அலைவுள்ள மின்காந்தப்புலம் 1,000 ஓம் மீற்றர்ப் பாறையில் ஏறத்தாழ 500 மீற்றர் செல்லும். கடல்நீரிலோ 8 மீற்றரளவிலேயே அதன் வலு பெரிதும் குன்றிவிடும். ஆகவே படுவான்கரையின் சிதைவுற்ற பாறைப் படையையும் புதைந்த பழைய ஆற்றுத் தடங்களையும் நன்கு காட்டவல்ல கருவி, உவர்நீர்ப் படையைச் சந்திக்குமிடத்து அதன் மேல்விளிம்பைக் காட்டி நின்றுவிடக்கூடும். அவ்விளிம்பே எழுவான்கரைக்கு வேண்டியது எனினும், வில்லை சில மீற்றர்களே தடித்துள்ள இடங்களில் அதனைத் துல்லியமாக அளப்பது கடினம்.

இரண்டாவது காலத்தின் எல்லை. பருவமழையின்போது ஆறுகள் கொண்டுவரும் வெள்ளத்தால் வாவி நீர் நன்னீர்த்தன்மை அடைகின்றது, கோடையில் உவர்க்கின்றது. மணற்றடை மூடுவதும், வெள்ளக்காலத்தில் முகத்துவாரம் வெட்டப்படுவதும் இம்மாற்றத்தோடு பின்னிப் பிணைந்தவை. தை மாதத்தில் எடுத்த தரவும் ஆவணி மாதத்தில் எடுத்த தரவும் ஒரே வாவியைப் பற்றி இருவேறு செய்திகளைக் கூறும். நாளிடப்படாத சாசனம் வரலாற்றாசிரியருக்கு எத்துணைப் பயனோ, பறந்த நாள் குறிக்கப்படாத வரைபடம் இங்கு அத்துணைப் பயனே உடையது.

மூன்றாவது குடியிருப்பின் எல்லை. மின்கம்பிகளும் உலோக வேலிகளும் தாமே கடத்திகளாதலின் நிலத்தின் மறுமொழியை மறைத்துவிடும். அவற்றை அண்டிய பதிவுகளை ஆய்வாளர் நீக்கிவிடுவர். மட்டக்களப்பு–கல்முனை வீதியை அண்டி வீடுகளும் கம்பங்களும் நெருங்கி நிற்கும் எழுவான்கரையில் இவ்விழப்பு பெரிதாகும். மக்கள் செறிந்து வாழும் இடமே, நீரை மிக வேண்டி நிற்கும் இடமே, வானூர்தி மிகக் குறைவாகக் காணும் இடமாகிவிடுகின்றது. அவ்விடைவெளியை நிரப்பவல்லவை கிணறுகளே.

முடிவுரை

இன்று உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே மட்டக்களப்பு நகர்ப்புறத்தை அடைகின்றது. குழாய்நீர் வந்தபின் கிணறு பற்றிய நினைவு மங்குவது இயல்பு. எக்கிணறு கோடையிலும் இனிக்கும், எது ஆனி மாதத்தில் உவர்க்கும், எத்தனை முழத்திற் களி தட்டும் என்பன முதியோர் வாய்மொழியாகவே பெரும்பாலும் நிலவுவன. கிணறு வெட்டுவோரின் அறிவு ஏட்டில் ஏறியது அரிது. வானூர்தித் தரவின் விளக்கத்திற்கு இன்றியமையாத சான்று எதுவோ, அதுவே முதலில் அழியும் நிலையில் உள்ளது.

1948இல் கனடாவிற் பறந்த கருவிமுதல் வெள்ளாற்றின்மீது பறந்த கருவிவரை நிகழ்ந்த வளர்ச்சி பெரிது. ஆயினும் கிட் கிறீக்கில் துளைகருவி கூறிய தீர்ப்புக்கும் வெள்ளாற்றில் கிணற்றுக் குறிப்புக் கூறிய தீர்ப்புக்கும் தன்மையில் வேறுபாடில்லை. வானூர்தி வினாவை எழுப்புகின்றது. விடையை நிலமே தருகின்றது. ஆதலின் வாவிப் பிரதேசத்தின் நிலத்தடியை வரைய விரும்புவோர் ஆற்றவேண்டிய முதற்பணி வானூர்திக்குக் காத்திருத்தலன்று. கிராமந்தோறும் கிணறுகளின் ஆழம், மண்படை, பருவந்தோறும் மாறும் உவர்ப்பு ஆகியவற்றை நாளிட்டு எழுதிவைத்தலே அப்பணியாகும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் கிராமப் பாடசாலைகளும் சேர்ந்து செய்யத்தக்கதே. அவ்வாறு எழுதப்படும் ஏடு கையிலிருப்பின், வானிலிருந்து பெறும் தரவு என்று வந்தாலும் அதைப் படிக்க இயலும். அந்த ஏடின்றி வரும் வரைபடத்தில் எஞ்சுவது நிறங்கள் மட்டுமே.